ஒன்பதுக்கு அடியில் ஒரு கோடு

பாலாறு யுனைடெட் கால்பந்து கிளப்பின் தலைமையகம் என்று பெயர்ப்பலகையில் பெரிய எழுத்தில்தான் போட்டிருக்கிறார்கள். மாதனூரைத் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு ஆற்றுப் பக்கம் இறங்கினால் கண்ணில் படுவது என்னவோ ஒரு ஷூ கம்பெனியின் பழைய கிடங்கு. அதற்கு வெள்ளையடித்து, குறுக்கே தடுப்பு வைத்து, முன்பாதியை ஆபீஸ் ஆக்கினார்கள். பின்பாதியில் பிசியோ அறை, எடை தூக்கும் அறை, கேன்டீன், கடைக்கோடியில் கிட் ரூம். அதற்கும் பின்னால் இரண்டு மைதானங்கள். ஒன்று நிஜப் புல், இன்னொன்று பிளாஸ்டிக் புல். பாலாற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, நிஜப் புல்லுக்குக் காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் பாயும். கேன்டீன் சுவரில் 'வாரத்தில் ஆறு நாள் பிரியாணி கிடையாது' என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும். ஏழாவது நாளைப் பற்றி அது வாய் திறக்காததால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரையும் ஆம்பூர் பிரியாணிக் கடைகளில் பார்க்கலாம்.

கிட் ரூம் தேவகிருபையின் ராஜ்ஜியம். ஜெர்சி துவைப்பது, காயப்போடுவது, பூட்ஸ் துடைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. முடிசூட்டி இருபத்தாறு நாள்தான் ஆகியிருந்தது, அதுவும் ஒரு மாதச் சோதனையில். வருகிற திங்கட்கிழமை மேனேஜர் தன்சீல் அகமது அவளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, வேலை நிரந்தரம் என்று கடிதம் கொடுப்பார், இல்லையென்றால் 'போய்ட்டு வாங்கம்மா' என்பார்.

இதற்கு முன் பத்தொன்பது வருடம் அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தாள். தைத்து, அச்சில் ஏற்றி, அடி ஒட்டி முடித்த ஷூ கடைசியாக வந்து சேரும் இடம் அது. பிசிறு நூலைப் பொசுக்கி, வழிந்த பசையைச் சுரண்டி, கிரீம் பூசி, பிரஷ் போட்டு, லேஸ் கோத்து, உள்ளே மெல்லிய தாள் அடைப்பார்கள். இடதும் வலதும் ஒரே சைஸ்தானா என்று ஜோடி பார்த்துப் பெட்டியில் வைத்து மூடுவார்கள். மூடியதோடு சரி. பெட்டி கன்டெய்னர் ஏறிக் கடல் கடந்து போய்விடும். லட்சக்கணக்கான ஜோடிகள் அவள் கை வழியாகப் போயிருந்தன. அதில் ஒன்றையாவது ஒரு மனிதக் காலில் அவள் பார்த்ததில்லை. கம்பெனியில் நல்ல ஜோடியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், ரிஜெக்ட் ஆன ஜோடியைப் பற்றித்தான் சத்தம் போடுவார்கள்.

இங்கே வந்த முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? அவள் துடைத்துக் கொடுத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு இருபத்து நான்கு பையன்கள் தடதடவென்று அவள் கண் முன்னாலேயே புல்லில் இறங்கி ஓடினார்கள். தேவகிருபை கிட் ரூம் வாசலில் துடைக்கும் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். பந்து எங்கே போனது, யார் உதைத்தார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. கால்களை மட்டும் பார்த்தாள். இந்த வேலை தனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டாள். அவ்வளவு ஆசையாக அவள் எதையும் கேட்டதில்லை, கல்யாணத்துக்கு ஞானமுத்துவைக்கூட. கம்பெனி பஸ் ஓட்டுகிற அந்த நல்ல மனிதரிடம் இதை அவளே சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார், கொஞ்சம் யோசித்துவிட்டு.

அந்தச் சனிக்கிழமை வேலூரில் நடந்த ஆட்டத்தில் கிளப் தோற்றது. தோற்றதுகூடப் பெரிதில்லை, தொடர்ந்து மூன்றாவது ஆட்டமாக ஒரு கோல்கூடப் போடவில்லை. ஒன்பதாம் நம்பர் ஜெர்சி போட்ட ஹேமந்த், கோல் போடுவதற்காகவே வைத்திருக்கும் ஆள். காவேரிப்பாக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயது, போன சீசனில் பதினோரு கோல் போட்டவன். அன்றைக்கு அவனுக்கு மூன்று நல்ல வாய்ப்புகள் வந்தன. மூன்றும் கம்பத்துக்கு மேலே போயின. கடைசிப் பந்து கேலரியில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவரின் தட்டிலேயே போய் இறங்கியது. சுண்டல்காரர் மட்டும்தான் அன்றைக்குப் பந்தைச் சரியாகப் பிடித்தார் என்று பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து சர்ச்சிலிருந்து வெளியே வந்த தேவகிருபை செல்போனை எடுத்துப் பார்த்தாள். கிளப் ஊழியர்கள் குழுவில் கோச் ஜெயசீலன் ஒரு செய்தி போட்டிருந்தார்.

'ஃபினிஷிங் ரொம்ப மோசம். மூணு வாரமா இதேதான். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஃபினிஷிங் மட்டும். வேற எதுவும் கிடையாது.'

பந்தாட்டம் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். ஓடி, கடைந்து, கொண்டுபோன பந்தைக் கடைசியில் கோலுக்குள் தள்ளுகிற வேலைக்குத்தான் அந்த ஆட்டத்தில் ஃபினிஷிங் என்று பெயர். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் 'பொண்ணு ஃபினிஷிங்ல இருக்கு' என்று சொன்னால், மாப்பிள்ளை வீட்டார் 'எந்தக் கம்பெனி?' என்று கேட்பார்களே தவிர வேறெதுவும் நினைக்கமாட்டார்கள். தேவகிருபையும் வேறெதுவும் நினைக்கவில்லை. மூன்று வாரம் என்றால் கிட்டத்தட்டத் தான் வந்த நாளிலிருந்து என்று கணக்குப் போட்டாள். சர்ச் வாசலிலேயே அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. பத்தொன்பது வருடத்தில், சரக்கு வாங்க வரும் வெள்ளைக்கார பையர்கள்கூட அவள் ஃபினிஷிங்கை ஒரு சொல் சொன்னதில்லை.

தன்னோடு அதே செக்‌ஷனில் இருந்த வள்ளியம்மாளுக்குப் போன் போட்டாள். வள்ளியம்மாள் இன்னும் அந்தக் கம்பெனியில்தான் இருந்தாள், ஜோடி பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"இன்னாது? உன் ஃபினிஷிங்க மோசம்னு சொல்ட்டானா? எவன் அவன்?" என்று அந்தப் பக்கம் சத்தம் வந்தது.

"மெதுவாப் பேசுடி. கோச் சாரு."

"கோச்சா இருந்தா இன்னா? அவரு எந்தக் கம்பெனில சூப்பர்வைசரா இருந்தாரு? இரு, பிரஷ் எடுத்துக்கினு வர்றேன்."

பகல் பன்னிரண்டு மணிக்கு இருவரும் கிட் ரூம் கதவைத் திறந்து உட்கார்ந்தார்கள். இருபத்து நான்கு ஜோடி. நல்ல அசல் தோல் பூட்ஸ். கிளப்புக்கு விளம்பரம் கொடுக்கும் உள்ளூர் ஷூ கம்பெனி தைத்துக் கொடுத்தது. ஆட்டத்திலும் சரி, பயிற்சியிலும் சரி, இதைத்தான் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். வள்ளியம்மாள் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, "தோலு பரவால்ல," என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

மண்ணை உதறி, அடியிலிருக்கும் குமிழ்களுக்கு இடையே ஊசியால் நோண்டி, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, கிரீம் போட்டார்கள். பிரிந்திருந்த நூலைப் பொசுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கட்டிடமே அமைதியாக இருந்தது, வெளியே புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய் மட்டும் சிக்குசிக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. பழைய நாள் மாதிரி இருவரும் வேலையும் வாயுமாக இருந்தார்கள். உண்மையைச் சொன்னால், கோபம் போய் தேவகிருபைக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நாலு மணிவாக்கில் பளபளவென்று இருபத்து நான்கு ஜோடியும் மேஜை மேல் வரிசையாக நின்றன. இனி ஜோடி பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

வள்ளியம்மாள் ஒவ்வொரு பூட்ஸின் நாக்கையும் இழுத்து, உள்ளே அச்சடித்திருந்த சைஸைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் அவள் கை நின்றது.

"கிருபை, இந்த ஒம்போதாம் நம்பரு ஜோடி இல்லடி."

"இன்னா இல்ல? நல்லாப் பாரு. ரெண்டு குதிகால்லயும் ஒம்போதுன்னு நான்தான் எழுதியிருக்கேன்."

"நீ எழுதினத யாரு கேட்டா? நாக்கப் பாரு. எடது நாப்பத்திமூணு. வலது நாப்பத்திரெண்டு."

தேவகிருபை வாங்கிப் பார்த்தாள். பிறகு மேஜையில் ஆறாம் நம்பர் ஜோடியைத் தேடி எடுத்தாள். அது தடுப்பாட்டக்காரன் எலியாஸுடையது. இடது நாற்பத்திரண்டு, வலது நாற்பத்து மூன்று.

நடந்தது இதுதான். பூட்ஸ் வந்த அன்று, யாருடையது எது என்று தெரிவதற்காக, ஒவ்வொன்றின் குதிகாலிலும் வெள்ளிப் பேனாவால் அவரவர் ஜெர்சி நம்பரை அவள் எழுதினாள். மூன்றாம் நாள் நல்ல மழை. சேறாக வந்த பூட்ஸ்களைக் கழுவி, கம்பிகளில் தலைகீழாகவும் நேராகவும் இடம் கிடைத்த மாதிரியெல்லாம் மாட்டிக் காயவைத்தாள். காய்ந்ததும் கம்பியில் இருந்தபடியே நம்பரைப் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்து, சேற்றில் மங்கியிருந்த நம்பர்களை அழித்துப் புதிதாக எழுதினாள். தலைகீழாகத் தொங்கிய ஆறு ஒன்பதாகிவிட்டது. நேராக நின்ற இடது ஒன்பது அதோடு போய்ச் சேர்ந்துவிட்டது, தலைகீழாகத் தொங்கிய வலது ஒன்பது ஆறாகி எலியாஸ் பக்கம் போய்விட்டது.

ஷூ கம்பெனியில் இந்தத் தப்பு நடக்கவே நடக்காது. ஆறாம் சைஸும் ஒன்பதாம் சைஸும் ஓடுகிற லைனில், எந்த அட்டையில் எழுதினாலும் அந்த இரண்டு எண்களுக்கும் அடியில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். கோடு இருக்கிற பக்கம்தான் கீழ்ப்பக்கம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் மணி நேரத்தில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். பத்தொன்பது வருடம் கோடு இழுத்த கை இது. இங்கே வந்து எழுதியது சைஸ் இல்லை, ஆட்டக்காரர் நம்பர், அதனால் அந்த வழக்கம் ஞாபகத்துக்கு வரவில்லை.

அதைவிட மோசமான ஒன்று இப்போது ஞாபகத்துக்கு வந்தது. மழைக்கு மறுநாள் ஹேமந்த் அவளிடம் வந்திருந்தான்.

"அக்கா, வலது கால் ரொம்பப் புடிக்குதுக்கா," என்றான்.

தேவகிருபை குனிந்து, கடைக்காரர் மாதிரி அவன் பெருவிரலைப் பூட்ஸுக்கு மேலேயே அமுக்கிப் பார்த்தாள். "மழைல நனைஞ்ச தோலுப்பா. காஞ்சா சுருங்கும். நாலு நாள் போடு, எடம் குடுத்துடும்," என்றாள்.

தோலைப் பற்றி ஆம்பூர்க்காரி சொன்னால் காவேரிப்பாக்கத்துப் பையன் மறுத்துப் பேசுவானா? சரிக்கா என்று போய்விட்டான். அதற்கப்புறம் அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு சைஸ் சின்ன பூட்ஸில் விரலை மடக்கிக்கொண்டு மூன்று ஆட்டம் ஓடியிருக்கிறான்.

"இப்ப இன்னா ஆயிடுச்சு?" என்றாள் வள்ளியம்மாள். "மாத்தி வெச்சுடு. முடிஞ்சுது. நாளைக்கு உனக்கு லெட்டரு. இன்னிக்கிப் போய் நானே தப்புப் பண்ணேன்னு நிப்பியா? யாருக்குத் தெரியப் போவுது?"

"யாருக்கும் தெரியாதுல்ல?"

"எனக்குத் தெரியும். நான் சொல்லமாட்டேன்."

தேவகிருபை தலையாட்டினாள். வலது பூட்ஸ்களை இடம் மாற்றினாள். ஸ்பிரிட் போட்டு நாலு குதிகால்களிலும் இருந்த பழைய நம்பரை அழித்தாள். புதிதாக எழுதி, அடியில் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள். பிறகு லேஸை உள்ளே மடித்துச் செருகி, தாள் அடைத்து, கம்பெனி முறைப்படி பெட்டியில் வைத்து மூடினார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பையன்கள் வந்து பார்த்தால், பெஞ்சுகளில் பூட்ஸைக் காணோம். ஒவ்வொருவர் இடத்திலும் ஒரு அட்டைப் பெட்டி. திறந்தால் மெல்லிய தாள், அதற்குள் கண்ணைப் பறிக்கும் பூட்ஸ். லேஸை வெளியே எடுப்பதற்கே கால் மணி நேரம் பிடித்தது. ஏழே காலுக்குக் கோச் ஜெயசீலன் விசிலோடு உள்ளே வந்தார்.

"இன்னாம்மா இது? யாருக்குக் கல்யாணம்?"

"நீங்கதான சார் ஃபினிஷிங் மோசம்னு போட்டிருந்தீங்க. இன்னிக்கி ஃபினிஷிங் மட்டும்னீங்க. நேத்தே வந்து முடிச்சுட்டேன் சார். ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

ஜெயசீலன் ஒரு கணம் முழித்தார். அவர் வேலூர்க்காரர்தான், ஆனாலும் பத்து வருடம் வெளியூர் கிளப்புகளில் இருந்துவிட்டு வந்தவர். புரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்தது. பையன்கள் தரையில் புரண்டார்கள். எலியாஸ்தான் இரக்கப்பட்டு, கோலுக்குள் பந்து தள்ளுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று அவளுக்கு விளக்கினான். தேவகிருபைக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் வேறு எந்த நாளாக இருந்தாலும் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். அன்றைக்கு அவள் கண் ஹேமந்தின் காலிலேயே இருந்தது. எலியாஸ் வலது காலில் இரண்டு சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்ததையும் அப்போதுதான் கவனித்தாள். பூட்ஸில் காலை விட்டவன் நெற்றியைச் சுருக்கினான், வெளியே இழுத்தான், ஒரு சாக்ஸைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டான். ஒன்றும் கேட்கவில்லை.

பயிற்சி தொடங்கியது. ஓரத்திலிருந்து பந்து வரும், ஓடிவந்து உதைக்க வேண்டும். ஹேமந்தின் முறை வந்தது. உதைப்பதற்கு முன் அவன் ஒருமுறை குனிந்து வலது பூட்ஸைப் பார்த்தான். முதல் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது வலைக்குள் போயிற்று. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஆறாவது பந்துக்குக் கோல்கீப்பர் நகரக்கூட இல்லை. பையன்கள் ஊளையிட்டார்கள். கிட் ரூம் வாசலில் நின்ற தேவகிருபைக்கு மூச்சு வந்தது. தப்புச் சரியாகிவிட்டது, யாருக்கும் தெரியவில்லை, வள்ளியம்மாள் சொன்னது போலவே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஜெயசீலன் விசிலடித்து எல்லோரையும் சுற்றி நிற்க வைத்தார். ஹேமந்தின் தோளில் கை போட்டார்.

"பாருங்கடா. கால் அதே கால், பந்து அதே பந்து. மூணு வாரமா இவன் பயந்துக்கினு இருந்தான். கோலப் பாத்ததும் உள்ளுக்குள்ள உதறல். இன்னிக்கி அந்தப் பயம் போச்சு. எல்லாம் இங்க இருக்கு," என்று அவன் நெஞ்சில் தட்டினார். "பயந்தவன்னு ஒத்துக்கறதுல தப்பில்ல. ஒத்துக்கினாத்தான் அடுத்த தடவ வராது. இன்னாடா?"

ஹேமந்த் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா சார். பயந்துட்டேன்தான் சார். எனக்கே தெரியாம பயந்திருக்கேன்."

தேவகிருபை அதைக் கேட்டாள். அந்தப் பையன் பயப்படவே இல்லை என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி இந்நேரம் ஆம்பூரில் ஜோடி பார்த்துக்கொண்டிருப்பாள். இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டு இங்கே நிற்கிறாள். பூட்ஸை மாற்றி வைத்தாயிற்று. ஆனால் அவன் தன்னைப் பயந்தாங்கொள்ளி என்று நம்பத் தொடங்கிவிட்டானே, அதை யார் மாற்றி வைப்பது? அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

செருப்போடு புல்லில் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. தேவகிருபை வெள்ளைக் கோட்டருகே செருப்பைக் கழற்றி விட்டாள். வெறுங்காலோடு ஈரப் புல்லில் நடந்து, அந்த வட்டத்துக்குள் போய் நின்றாள்.

"சார், அவன் பயப்படல சார்," என்றாள். "உங்க மெசேஜ் கரெக்ட்தான். ஃபினிஷிங்லதான் தப்பு. அது என் ஃபினிஷிங்."

ஆறு ஒன்பதானது, மழை, கம்பி, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, எல்லாவற்றையும் சொன்னாள். பையன் வந்து கால் பிடிக்கிறது என்று சொன்னதையும், தான் தோல் ஞானம் பேசி அனுப்பியதையும் சொன்னாள். நேற்று கண்டுபிடித்து, யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்ததையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல யாரும் சிரிக்கவில்லை.

ஹேமந்த் அப்படியே புல்லில் உட்கார்ந்தான். வலது பூட்ஸைக் கழற்றி, சாக்ஸை இழுத்தான். பெருவிரல் நகம் கருநீலமாக இருந்தது. "பிசியோ கேட்டாரு, எங்கியோ இடிச்சுக்கிட்டேன்னு சொல்ட்டேன்," என்றான். பிறகு அண்ணாந்து அவளைப் பார்த்தான். "அப்போ நான் பயப்படலியாக்கா?"

"இல்லப்பா. சத்தியமா இல்ல. சின்ன பூட்ஸைப் போட்டுக்கினு மூணு மேட்ச் ஓடியிருக்க. பயந்தவன் ஓடுவானா?"

அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டே சிரிக்கவும் செய்தான். "எங்கம்மா கிட்ட நேத்து போன்ல, ஆட்டத்த விட்டுட்டு வந்துடறேன்னு சொல்ட்டேன்க்கா," என்றான்.

ஜெயசீலன் எலியாஸைப் பார்த்துத் திரும்பினார். "உனக்கு லூசாத்தான இருந்திருக்கும்? நீ ஏண்டா சொல்லல?"

"அக்கா குடுத்தது தப்பா இருக்காதுன்னு நெனச்சேன் சார்," என்றான் எலியாஸ். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"மூணு மேட்ச்," என்றார் ஜெயசீலன். விசிலைக் கையில் உருட்டினார். பிறகு ஹேமந்தைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "என் மேலயும் தப்பிருக்கு. கால் எப்படி இருக்குன்னு ஒரு தடவகூட நான் கேக்கல," என்றார். அவளிடம் திரும்பி, ஆபீசுக்குப் போய் மேனேஜரிடம் சொல்லச் சொன்னார்.

தன்சீல் அகமது எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிற மனிதர். சொன்னதைக் கடைசி வரை கேட்டுவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். தேவகிருபை உட்கார்ந்து எழுதினாள். எழுதிக் கொடுத்துவிட்டுக் கிட் ரூமுக்குத் திரும்பிப் போய், ஜெர்சிகளைத் துவைத்தாள், காயப்போட்டாள், பந்துகளுக்குக் காற்றடித்தாள். நாளை வேறு யாராவது வந்தால் தேடக் கூடாது என்று அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்டினாள். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மனசு காலையில் இருந்ததைவிட லேசாக இருந்தது. அது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

நாலரை மணிக்கு மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் அவள் எழுதிய தாள் இருந்தது. பக்கத்தில் ஒரு கவரும் இருந்தது.

"இதுல ஆறு, ஒம்போது வர்ற எடத்துல எல்லாம் அடியில கோடு போட்டிருக்கீங்களே, எதுக்கு?" என்றார்.

"பழக்கம் சார். இப்ப வந்துடுச்சு."

"கிருபைம்மா, மூணு மேட்ச் போயிருக்கு. பெரிய பேஜார். சின்ன விஷயம்னு நான் சொல்லமாட்டேன்." அவர் கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இந்த லெட்டர வியாழக்கெழமையே கையெழுத்துப் போட்டு வெச்சுட்டேன். கிழிச்சுப் போடலாமான்னு மத்தியானம் பூரா யோசிச்சேன். ஹேமந்த் ரெண்டு தடவ வந்து கதவத் தட்டிட்டுப் போனான். அவன் சொல்லி நான் குடுக்கல. நீங்க சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இனிமே அந்த ரூம்ல தப்பு நடந்தா என் காதுக்கு வந்துடும்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்குத்தான் குடுக்கறேன்."

கவரைப் பிரித்துக் கடிதத்தை மேஜையில் விரித்தார். மேலே 'ஊழியர் எண் 66' என்று அச்சடித்திருந்தது. தன்சீல் அகமது சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்த எண்ணுக்கு அடியில், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, ஒரு கோடு இழுத்தார்.

"தலைகீழாப் புடிச்சு, தொண்ணூத்தொம்போதாவது ஆள் எங்கன்னு நாளைக்கு யாராவது என்னக் கேக்கப் போறாங்க," என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

தேவகிருபை அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. கடிதத்தை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்றை ஞானமுத்து ஓட்டிக்கொண்டிருப்பார்.

மைதானத்தில் ஹேமந்த் மட்டும் இருந்தான், பந்துகளை வரிசையாக வைத்துக்கொண்டு உதைத்துக்கொண்டிருந்தான். அவள் வந்து நின்றது அவனுக்குத் தெரியவில்லை. ஓடிவந்தான். வழக்கமாக அந்த நேரத்தில் அவள் கண் காலுக்குத்தான் போகும். இன்றைக்குப் போகவில்லை. முதல் முறையாகத் தேவகிருபை பந்தைப் பார்த்தாள். அது நேராக வலைக்குள் போயிற்று.